பசி ஒழிந்த அரண்மனை

அந்தக் காலத்தில் செங்குன்றை நாட்டை வீரகேது என்றொரு ராஜா ஆண்டு வந்தார். நல்லவர்தான், ஆனால் கடைசியாகக் காதில் விழுந்த பேச்சுதான் அவருக்குச் சட்டம்.

நாதியற்றவர்களுக்கு மாதாமாதம் ஊருக்குள்ளேயே அரிசி அளந்து வந்தார்கள். களஞ்சிய அதிகாரி அனந்தப்பனுக்கு அதில் வயிற்றெரிச்சல். “சும்மா தின்று கொழுக்கிறார்கள், மகாராஜா! இனி குன்றின் மேலுள்ள கோட்டைக்கு ஏறி வந்து கேட்கட்டும்” என்றான். ராஜா தலையாட்டினார்.

கூடை முடையும் சிலம்பாயிக்கு முழங்கால் வீங்கி, மூங்கில் வெட்டப் போக முடியாத நேரம் அது. வலியோடு குன்றேறினாள். அனந்தப்பன் அவளை மேலும் கீழும் பார்த்தான்.

“இவ்வளவு உயரம் ஏறத் தெம்பிருக்கிறது, வேலை செய்ய முடியாதா? போ!”

“பக்கத்து வீட்டு மாடசாமி படுத்த படுக்கைங்க. அவருக்காவது குடுங்க.”

“வராதவனுக்குப் பசியில்லை.”

வந்தவர்களையெல்லாம் இப்படியே விரட்டியதில் அரிசி வாங்க ஆளே இல்லாமல் போனது. “வறுமை ஒழிந்தது!” என்றான் அனந்தப்பன். பூரித்துப்போன ராஜா விருந்துக்கு உத்தரவிட்டார். நாட்டில் ஓர் ஏழையைக் காட்டுபவருக்குக் கேட்டது கிடைக்கும் என்று தண்டோராவும் போட்டார்.

சிலம்பாயிக்குச் சிரிப்பும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. மறுபடியும் குன்றேறினாள்.

“ஏழையைக் காட்டுறேன், மகாராஜா. அதுக்கு முன்னாடி இன்னைக்குப் பந்தியை நான் பரிமாறணும், அதிகாரி ஐயா எங்களுக்கு அரிசி அளந்த மாதிரியே.”

ராஜாவுக்கு வேடிக்கையாக இருந்தது. “ஆகட்டும்! இன்று பந்தியில் இவள் சொல்வதுதான் சட்டம்.”

சிலம்பாயி கரண்டியோடு வாசலில் நின்றாள். முதல் ஆளாக அனந்தப்பன் வந்தான்.

“நடந்தா வந்தீங்க?”

“ஆமாம்.”

“தெம்பாத்தானே இருக்கீங்க. சோறு எதுக்கு? தள்ளி நில்லுங்க.”

சபையோர் அத்தனை பேருக்கும் அதே பதில். சேனாபதி தன் அறைக்குச் சாப்பாடு கேட்டு ஆளனுப்பினார். “வராதவருக்குப் பசியில்லை” என்று திருப்பியனுப்பினாள். கடைசியில் ராஜா வந்தார்.

“நீங்களும் நடந்துதானே வந்தீங்க, மகாராஜா?”

நெய்ச்சோற்று வாசனையில் எல்லோரும் எச்சில் விழுங்கிக்கொண்டு நிற்க, சிலம்பாயி குரலை உயர்த்தினாள். “அரண்மனையில பசி ஒழிஞ்சிருச்சு! பாருங்க, ஒரு எச்சில் இலைகூட விழலை. அண்டா நிறையச் சோறு அப்படியே இருக்கு! நாட்டுல வறுமையும் இப்படித்தான் ஒழிஞ்சுது, மகாராஜா!”

ராஜாவின் வயிறு கடகடவென்று சத்தம் போட்டது. வெட்கத்தில் முகம் சிவந்தார். பிறகு வாய்விட்டுச் சிரித்தார். சிரித்து முடித்து அனந்தப்பன் பக்கம் திரும்பினார்.

“இனி அரிசி வீடு தேடிப் போகும். சுமக்கப்போவது நீர்தான். தெம்பாக இருக்கிறீரே!”

“முதல் மூட்டை மாடசாமி வீட்டுக்கு” என்றாள் சிலம்பாயி.

பட்டு அங்கவஸ்திரத்தைத் தலையில் சும்மாடாகச் சுருட்டி வைத்து, மூட்டையைச் சுமந்துகொண்டு அனந்தப்பன் குன்றிறங்கினான்.

“உனக்கு என்ன வேண்டும், கேளம்மா” என்றார் ராஜா.

சிலம்பாயி கரண்டியை அவர் கையில் கொடுத்துவிட்டுப் பந்தியில் உட்கார்ந்தாள்.

“முதல்ல ஒரு இலை போடுங்க. சாப்பிட்டுட்டுச் சொல்றேன்.”