கண் தெரியாத மானும் செம்புப் பொடியும்

கிட்ட வந்து உட்காருங்கள், இது உரக்கச் சொல்லும் கதை இல்லை.

ஒரு மலையடிவாரக் குளத்தங்கரையில் மான் மந்தை ஒன்று மேய்ந்து வந்தது. அதில் ஒரு பெண் மானுக்குக் கண் தெரியாது. மந்தை சத்தமில்லாமல் நகர்ந்தால் அதற்குத் தெரியாது. மற்ற மான்கள் போன பிறகு காற்று மட்டும் மிஞ்சும். அப்போதுதான், "ஓ, போய்விட்டார்கள்" என்று அதற்குப் புரியும்.

மந்தைத் தலைவன் ஒருநாள் அதனிடம் வந்தது.

"புல் காய்ந்துவிட்டது. விடிந்ததும் மலை தாண்டிப் போகிறோம். மேலே ஒரே மூடுபனி. உன்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு நடக்க முடியாதம்மா."

"கழுத்தில் ஒரு மணி கட்டிக்கொள்ளுங்கள். சத்தத்தைப் பிடித்துக்கொண்டு வந்துவிடுவேன்."

"மணி கொண்டு வா. கட்டிக்கொள்கிறேன்."

மான் உலைக்காரக் கரடியிடம் போனது. "என் கை நிறையச் செம்புப் பொடி கொண்டு வா, வார்த்துத் தருகிறேன்" என்றது கரடி.

மலையடியில் செம்புக் கல் கொஞ்சம் கிடந்தது. மான் ஒவ்வொன்றாய்க் குளம்பால் மிதித்து நொறுக்கியது. துணைக்கு யாரும் வரவில்லை. பொடியில் செம்பும் இருந்தது, வெறுங்கல்லும் இருந்தது. பிரித்தெடுக்க வேண்டுமே!

குளத்தின் இந்தக் கரையில் ஓர் ஆமை, அந்தக் கரையில் ஒரு தவளை. ரெண்டும் பேசிக்கொள்வதில்லை. மான் பொடியில் பாதியை ஆமையிடமும் பாதியைத் தவளையிடமும் கொடுத்தது.

"ஓட்டில் போட்டுச் சுழற்றினால் போதும்" என்றது ஆமை. செத்துப்போன தாத்தாவின் ஓட்டில் பொடியும் தண்ணீரும் விட்டுச் சுழற்றியது. கனமான செம்பு அடியில் நின்றது. லேசான கல் தண்ணீரோடு வழிந்தது. "எதிர்க்கரைக்காரி நுரை ஊதுகிறாளாம் நுரை. குளிக்கவா போகிறாள்?"

தவளையோ புங்கங்கொட்டையை நசுக்கி, எண்ணெய்த் தண்ணீரில் பொடியைப் போட்டுப் பின்னங்காலால் அடித்தது. நுரை பொங்கியது. செம்புத் தூள் எண்ணெய்ப் பசையோடு நுரையில் ஒட்டி மேலே வந்தது. கல் அடியில் தங்கியது. "அந்தக் கிழவனுக்குச் சுழற்றிச் சுழற்றித் தலைதான் சுற்றும்" என்றது தவளை.

ரெண்டு பேர் கொடுத்ததையும் சேர்த்துப் பார்த்தால் கரடியின் கை பாதிதான் நிறைந்தது. நொறுக்க இனிக் கல்லும் இல்லை. பொழுது சாய்ந்துகொண்டிருந்தது.

மான் குளத்தங்கரையில் படுத்தது. தூரத்தில் மந்தை ஒன்றையொன்று உரசிக்கொண்டு நிற்கும் சத்தம் கேட்டது. இந்த மானின் பெயரை அங்கே யாரும் சொல்லவில்லை. மனம் கேளாமல், உப்பு மண்ணை நக்குவதுபோல் கரைச் சேற்றை நக்கியது.

நாக்கில் செம்பு கரித்தது.

ஆமை வழியவிட்ட சேறு அது. மாவாய் நொறுங்கிய செம்பு, கனம் போதாமல் தண்ணீரோடு போயிருந்தது. மான் எழுந்து அந்தக் கரைக்குத் தடவித் தடவிப் போய், தவளை எற்றிவிட்ட கசடையும் நக்கிப் பார்த்தது. அதிலும் செம்பு! பெரிய பருக்கைகள், நுரை தாங்காமல் மூழ்கியவை.

"அண்ணே, தவளையக்கா கொட்டினதைக் கொஞ்சம் சுழற்றித் தர்றீங்களா?"

"அவள் எச்சிலை நான் அள்ளுவதா? வேறு ஆளைப் பார்."

தவளையும் அதையேதான் சொன்னது.

மான் அதற்குமேல் கேட்கவில்லை. தேக்கிலையில் கசடை அள்ளி வாயில் கவ்விக்கொண்டு ஆமையிடம் வந்தது. சேற்றை அள்ளித் தவளையிடம் கொண்டுபோனது.

"இது எங்கே கிடைத்தது?" என்று ரெண்டும் கேட்டன.

"கரையில் கிடந்தது" என்றது மான்.

பொய் இல்லையே!

ஆமை சுழற்றியது, பருக்கை தங்கியது. தவளை அடித்தது, தூள் மிதந்தது. கரடியின் கை நிறைந்தது. விடிவதற்குள் மணியும் வார்த்தாயிற்று.

மந்தைத் தலைவன் மணியைக் கட்டிக்கொண்டு மலையேறியது. பின்னால் போன மான் குளத்தங்கரையைக் கடக்கும்போது, "உண்மையைச் சொல், யார் வழி உசத்தி?" என்று ரெண்டு கரையிலிருந்தும் குரல் வந்தது.

"அண்ணே, நீங்கள் கடைசியாய்ச் சுழற்றியது அக்கா கொட்டியது. அக்கா, நீங்கள் கடைசியாய் அடித்தது அண்ணன் கொட்டியது."

ஆமை தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டது, தவளை தண்ணீருக்குள் குதித்தது.

தன் கையில் நிற்காததையெல்லாம் குப்பை என்று கொட்டுகிறவர், பாதிச் செல்வத்தைத் தானே தொலைக்கிறார்.

பனிக்குள் மணி ஒலித்தது. மான் காதைத் திருப்பிக்கொண்டு, அந்தச் சத்தத்தை நோக்கி மெல்ல அடி எடுத்து வைத்தது.