இருபத்தொரு படியும் ஒரு கம்பளமும்

முன்னொரு காலத்தில், பெயரைச் சொன்னால் ‘அது எங்கள் ஊர்தான்’ என்று இன்றும் இரண்டு ஊர்க்காரர்கள் சண்டைக்கு வருவார்களே, அப்படியொரு நாட்டில், ஒரு கம்பளம் அரசரைக் கீழே தள்ளியது.

கொலுமண்டபத்தின் இருபத்தொரு மரப்படிகளிலும் சிவப்புக் கம்பளம் விரிக்க வேண்டும் என்பது அரசரின் ஆசை. காலையில் விறைப்பாக இருந்த கம்பளம் நாலு பேர் ஏறி இறங்கியதும் நழுவியது. ஏன் என்று எவருக்கும் விளங்கவில்லை. மூன்றாம் நாள் அரசரே ஐந்து படி சறுக்கி உட்கார்ந்தார். சபை மூச்சை அடக்கியது. விகடகவி வெண்காடன் மட்டும் வாயை அடக்கவில்லை.

“அரசே, தங்களைவிடக் கம்பளத்துக்குத்தான் அவசரம் போலிருக்கிறது!”

யாரும் சிரிக்கவில்லை. அரசரின் முகம் கம்பளத்தைவிடச் சிவந்தது.

வெண்காடன்மேல் நெடுநாளாகப் பொறாமை கொண்டிருந்த அரண்மனை மேலாளர் பராங்குசர் எழுந்தார். “வெண்காடரே இதைச் சரிசெய்யட்டும், அரசே. ஆனால் கம்பளம் விலைமதிப்பற்றது. அதில் கத்தி படக்கூடாது, ஊசி ஏறக்கூடாது, ஆணி தொடக்கூடாது, பசை ஒட்டக்கூடாது.”

“அப்படியே ஆகட்டும்” என்ற அரசர் வெண்காடனிடம் திரும்பினார். “நாளை மறுநாள் காலை இளவரசனைக் கையில் ஏந்தி இந்தப் படிகளில் இறங்குவேன். கம்பளம் ஒரு விரற்கடை நகர்ந்தாலும் உன் தலையும், இதை விரித்ததற்காகச் சிறையிலிருக்கும் விரிப்புக்காரர் ஆறு பேர் தலையும் யானைக் காலுக்கு!”

பிறந்து நாற்பது நாளே ஆன குழந்தை. தன் தலையைவிட அந்தச் சின்னத் தலைதான் வெண்காடனின் கண்முன் நின்றது.

மறுநாள் விடிந்ததும் ஆறு பேரையும் அழைத்துவந்து விரிக்கச் சொன்னான். இரண்டு பேர் மேலே பிடிக்க, நாலு பேர் கீழே நின்று தேர்வடம் போல இழுத்தார்கள்.

“ஏனய்யா இந்த இழுப்பு?”

“இழுக்காட்டி சுருக்கம் விழுமே சாமி!” மூத்தவர் காளத்தி முதுகைத் திருப்பிக் காட்டினார். வரி வரியாகத் தழும்பு. “ஒரு சுருக்கத்துக்கு ஒரு கசையடி. மேலாளர் ஐயா வச்ச வழக்கம். தரையில விரிச்ச கை இது. இழுக்க மட்டுந்தான் தெரியும்.”

படியும் படியும் சேரும் மூலையில் வெண்காடன் கையை வைத்து அழுத்தினான். முஷ்டி முழுவதும் உள்ளே போனது. அதே நொடியில் மேல்படியிலிருந்து கம்பளம் சர்ரென்று இறங்கியது.

“அட, இதுவா சங்கதி! கம்பளம் படியில் உட்காரவே இல்லை. விளிம்புக்கு விளிம்பு பாலம் போட்டு நிற்கிறது. கால் பட்டால் துணி மூலைப்பள்ளத்துக்குள் இறங்கும். அதற்கு மிச்சத் துணி எங்கே? மேல்படியிலிருந்து இழுத்துக்கொள்கிறது. அங்கே நிற்பவர் கதி?”

“நம்ம கதிதான் சாமி” என்றார் காளத்தி.

சமையற்கட்டுப் படிகளில் சாக்கு விரித்துப் பயிற்சி தொடங்கியது. பலகை முனையால் மூலையில் அழுத்த வேண்டும். அது படிந்த பிறகே அடுத்த படி. பழக்கத்தில் இழுத்துவிட்டவர், தாம் விரித்த படியில் தாமே கண்ணைக் கட்டிக்கொண்டு இறங்க வேண்டும். உச்சிவேளைக்குள் விழுந்து விழுந்து ஆறு இடுப்பும் வீங்கின. பொழுது சாயும்முன் இழுக்கும் கை ஒன்றுகூட இல்லை. ஆனால் அழுத்தியது அப்படியே நிற்க வேண்டுமே? வெண்காடன் பித்தளைப் பட்டறைக்கு ஓடினான்.

குறித்த காலையில் அரசர் குழந்தையுடன் உச்சிப்படியில் நின்றார். முற்றத்தில் யானையும் நின்றது. படிகளின் மூலைகளில் இருபத்தொரு பித்தளைத் தண்டுகள் மின்னின.

“ஆணி! ஆணி அடித்திருக்கிறான்!” என்று கத்தினார் பராங்குசர்.

வெண்காடன் முன்னே வந்தான். “அடித்தது மரத்தில், அரசே. கம்பளத்துக்கு இருபுறமும் நாலு விரல் தள்ளி. ஆணி வளையத்தைப் பிடிக்கிறது, வளையம் தண்டைப் பிடிக்கிறது, தண்டு கம்பளத்தை அழுத்துகிறது. ஆணி கம்பளத்தைத் தொடும் இடத்தை ஐயா காட்டட்டும். நானே யானையிடம் நடக்கிறேன்.”

பராங்குசர் குனிந்து குனிந்து தேடினார். காணவில்லை. “நகராது என்பது என்ன நிச்சயம்?”

“இழுத்துப் பாருங்களேன். இழுப்பில் தங்களைவிட ஆசை யாருக்கு?”

பராங்குசர் கீழ்நுனியை இரு கையாலும் பற்றி, பல்லைக் கடித்து இழுத்தார். கம்பளம் அசையவில்லை. பிடி நழுவி, தொப்பென்று உட்கார்ந்தார்; தலைப்பாகை உருண்டோடியது.

அப்போதும் அரசர் சிரிக்கவில்லை. குழந்தையை மார்போடு அணைத்து முதல் படியில் கால் வைத்தார். இரண்டு. மூன்று. காளத்தி கண்ணை மூடிக்கொண்டார். வெண்காடன் மூச்சுவிடாமல் எண்ணினான். இருபது. இருபத்தொன்று. தரை.

அரசர் நீண்ட மூச்சு விட்டார். இன்னும் எழாமல் கிடந்த பராங்குசரைப் பார்த்தார். பிறகு குழந்தை திடுக்கிட்டு அழும்படி வெடித்துச் சிரித்தார். தம் முத்துமாலையைக் கழற்றி வெண்காடனுக்கு அணிவித்தார். ஆறு பேரையும் விடுவித்தார். சுருக்கத்துக்குக் கசையடி என்ற வழக்கத்தையும் ஒழித்தார்.

“இனி நாட்டு விரிப்புக்காரர் அனைவருக்கும் நீதான் ஆசான். முதல் பாடம் என்ன, சொல்.”

“படியில் கம்பளத்தை இழுக்கக்கூடாது, அரசே. ஒவ்வொரு மூலையிலும் உள்ளே அழுத்தி, குறுக்கே தண்டு வைத்து, அதன் இரு முனையையும் மரத்தில் பூட்ட வேண்டும்.”