ஆளுக்கொரு கூவல்

ஒரு விடுகதை போடுகிறேன், விடை சொல்லுங்கள் பார்க்கலாம். வாய் ஒன்றுதான், பேச்சு ஆளுக்கு ஆள் வேறு. காட்டையே கூப்பிடும், ஆனால் கேட்கிற ஒவ்வொருவரும், ‘என்னை மட்டும்தான் கூப்பிடுகிறது’ என்று நினைப்பார்கள். அது என்ன?

தெரியாவிட்டால் பரவாயில்லை. வெண்காதி முயலுக்கும் தெரியவில்லை.

வெண்காதி குளக்கரைப் புதரில் தன் குட்டி துள்ளியோடு இருந்தது. துள்ளிக்குச் சில நாளாக இருமல். குட்டி இருமும்போதெல்லாம் தாயின் காது விறைக்கும். ‘நரி காதில் விழுந்துவிட்டால்?’ என்று அஞ்சும்.

அந்தக் கரையில் ஒரு கரிச்சான் குருவியும் இருந்தது. யாருடைய குரலிலும் அது பேசும். போன கோடையில், “குன்றடிக் குகைக்கு வாருங்கள்! நல்ல நல்ல பொருள் இருக்கு!” என்று தொண்டை வறளக் கத்தியது. ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

இந்தக் கோடையில் அது கத்தவில்லை. தண்ணீர் குடிக்க வந்தவர்களிடம் இதமாகப் பேச்சுக் கொடுத்தது.

“என்னக்கா, எத்தனை குட்டி? என்ன வயசு?”

“ஒண்ணே ஒண்ணுதான் தம்பி, பேரு துள்ளி. இன்னும் பால்குடி மறக்கல. இருமல் விடமாட்டேங்குது. விளையாட ஜோடியும் இல்லாம ஏங்கிக் கிடக்கு” என்றது வெண்காதி. கேட்க ஓர் ஆள் கிடைத்ததே என்று மனம் லேசானது.

மறுநாள் காலை, புதருக்கு மேலே முயல் குரலில் ஒரு கூவல்.

“இருமும் குட்டிக்கு மருந்து! குன்றடிக் குகையில்! கதவு மூங்கிலை அழுத்தினால் போதும், சொடக்கென்று திறக்கும்!”

வெண்காதிக்குக் கண் கலங்கியது. துள்ளியை எழுப்பிக் கூட்டிக்கொண்டு ஓடியது.

வழியில் பக்கத்து வளை முள்ளம்பன்றி ஊசியம்மா மூச்சிரைக்க வந்துகொண்டிருந்தது.

“எங்கடி இவ்வளவு அவசரம்?”

“குகைக்குத்தான் அக்கா. இருமல் மருந்து வாங்க.”

“மருந்தா? அங்கே இருக்கிறது எண்ணெய்டி! உதிர்ந்த முள் திரும்ப முளைக்கிற எண்ணெய்! காலையில எனக்குன்னே சொல்லிச்சு.”

“உனக்கு முள் உதிருதா அக்கா?”

“மெல்லப் பேசுடி! அந்தக் கரிச்சான்கிட்ட மட்டும்தான் சொன்னேன்.”

இரண்டும் அப்படியே நின்றன.

அப்போது மேலே கிளையில் கரிச்சான் வந்து உட்கார்ந்தது. புல்லுக்கு மேலே முயலின் காது மட்டும்தான் அதற்குத் தெரிந்தது. “இருமும் குட்டிக்கு…” என்று தொடங்கியது. ஊசியம்மா தலையைத் தூக்கியது. “…முள் முளைக்க எண்ணெய்!” என்று அதே மூச்சில் குரலை மாற்றி முடித்தது!

“அடப்பாவி!” என்றது ஊசியம்மா. கரிச்சான் பறந்துவிட்டது. “நேத்துக் காடைக் குடும்பத்துக்கிட்ட, கொத்தித் தின்னக் கம்பு தானியம் இருக்குன்னு சொன்னானாம். போனதுங்க இன்னும் வரலடி.”

“அக்கா, அந்தக் குகை யாரோடது?” என்றது வெண்காதி.

“நான் கேக்கலையே! நீ?”

“நானும் கேக்கல.”

வெண்காதி திரும்பிப் பார்த்தது. துள்ளியைக் காணோம்!

குன்றடியில் ஒரு குட்டிமுயலின் குரல் கேட்டது. “துள்ளி! உன் வயசுக் குட்டிங்க எல்லாம் இங்கேதான் விளையாடுறோம்! மூங்கிலை அழுத்து!”

வெண்காதி பறந்து ஓடியது. நாலு தாவல் தூரத்தில் துள்ளி கதவருகே நின்றிருந்தது. அதன் முன்னங்கால் மூங்கிலின் மேல் இருந்தது. கதவிடுக்கில் ஒரு காடை இறகு ஆடியது. உள்ளேயிருந்து நரி நாற்றம் அடித்தது.

“துள்ளி! அழுத்தாதே! அது யாருன்னு கேளு!”

துள்ளி இருமிக்கொண்டே கேட்டது. “உன் பேரு என்ன?”

பேரைச் சொல்லாமல் மறுபடியும் அதே குரல் கூவியது. “வா, வா! அழுத்து!”

விடுகதைக்கு விடை விளம்பரம். நம்மைப் பற்றி எல்லாம் தெரிந்துகொண்டு ஒருவர் அழைக்கும்போது, அவரைப் பற்றி நமக்கு என்ன தெரியும் என்று முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும்.

துள்ளி மூங்கிலிலிருந்து காலை எடுத்துவிட்டது.