சாம்பிப் புறா கேட்ட கூடு

குளக்கரை ஈச்சமரத்தில் நாரன் என்ற தூக்கணாங்குருவி இருந்தது. கூடு பின்னுவதில் அதை மிஞ்ச அந்தக் காட்டில் ஆள் இல்லை. ஆனால் யார் எதைக் கேட்டாலும் "முடியாது" என்று சொல்ல மட்டும் அதற்கு வாய் வராது.

ஒருநாள் சாம்பி என்ற புறா பதறிக்கொண்டு வந்தது. புறாக்கள் கூடு கட்டும் லட்சணம்தான் தெரியுமே! நாலு குச்சியைக் குறுக்கே போட்டுவிட்டு, வேலை முடிந்தது என்று உட்கார்ந்துவிடும்.

"அண்ணே, போன மழையில என் முட்டை ரெண்டும் உருண்டு விழுந்து உடைஞ்சு போச்சு. இந்தத் தடவையாவது குஞ்சு முகத்தைப் பார்க்கணும். உங்க கூடு மாதிரியே எனக்கும் ஒண்ணு கட்டிக் குடுங்க!"

"அவ்வளவுதானே? கட்டிட்டாப் போச்சு!" என்றது நாரன்.

கூடு ஓலையில் தொங்கத் தொடங்கியதும் ஒரு மைனா வந்து பார்த்துவிட்டுப் போய்ச் சாம்பியிடம் ஏதோ சொன்னது. உடனே சாம்பி பறந்து வந்தது.

"அண்ணே, வாசல் கீழே வேண்டாமாம். பக்கவாட்டுல வைங்க!"

"ஆகட்டும்!" நாரன் பிரித்துப் பின்னியது.

அடுத்துக் கிளி ஏதோ சொன்னது. "அண்ணே, ஜன்னல் ஒண்ணு வேணும்!"

"ஆகட்டும்!"

பிறகு காக்கை ஏதோ சொன்னது. "ஜன்னல் வேண்டாம் அண்ணே, மாடி வைங்க!"

"அதுக்கென்ன, ஆகட்டும்!"

பிரித்துப் பின்னி, பின்னிப் பிரித்து நாரனின் அலகு வலித்தது. கூடோ கந்தலாகத் தொங்கியது. வானம் கறுத்துக்கொண்டு வந்தது. சாம்பிக்கு முட்டை இடும் நேரமும் நெருங்கிவிட்டது.

"அவளுக்கு என்ன வேணும்னு அவளுக்கே தெரியலை!" என்று நாரன் வீட்டுக்கு வந்து எரிந்து விழுந்தது.

மனைவி மஞ்சரி சிரித்துவிட்டது. "எனக்கு மட்டும் தெரிஞ்சுதா? பாதிக் கூட்டைக் கட்டிட்டு என்னை உட்கார வச்சுப் பார்த்தீங்க. நான் சரின்னு சொன்ன பிறகுதானே மீதியைப் பின்னினீங்க? நம்ம குருவிங்க வழக்கமே அதுதானே! அவளை ஒரு தடவையாவது உட்கார வச்சீங்களா?"

நாரனுக்குச் சுருக்கென்றது. கந்தலைக் களைந்து எறிந்தது. பாதிக் கூட்டை மட்டும் பின்னிவிட்டுச் சாம்பியை உட்காரச் சொன்னது.

காற்று வீசியது. கூடு ஊசலாடியது.

"ஐயோ அண்ணே, தலை சுத்துது! எனக்குத் தொங்குற கூடே வேண்டாம்!"

"சரிம்மா. மைனாவை விடு, கிளியை விடு, காக்கையையும் விடு. உனக்கு என்ன வேணும்?"

சாம்பியின் கண் கலங்கியது. "முட்டை உருளக் கூடாது அண்ணே. அவ்வளவுதான்."

"இதைத்தானே நீ முதல் நாளே சொன்னே! நான்தான் காதுல வாங்கலை!"

நாரன் பக்கத்து வேப்பமரக் கவட்டில் கிண்ணம் போலக் குழிவாக ஒரு கூட்டைப் பின்னியது. பாதியிலேயே சாம்பியை உட்கார வைத்தது.

"இன்னும் கொஞ்சம் அகலம் வேணும் அண்ணே!"

பாதிக் கூடுதானே! நாலு நார் சேர்த்ததும் அகலமாகிவிட்டது. பிறகு விளிம்பை உயர்த்திக் கட்டி முடித்தது.

"மாடி எங்கே?" என்று காக்கை கேட்டது.

"எனக்கு இதுவே போதும்!" என்று சாம்பி அடித்துச் சொன்னது.

சாம்பி அதில் இரண்டாவது முட்டையையும் இட்ட அன்று மாலையே மழை கொட்டியது. காற்று மரத்தையே உலுக்கியது. விடிந்ததும் நாரன் அடித்துப் பிடித்துப் பறந்துபோய் எட்டிப் பார்த்தது. சாம்பி மெல்ல எழுந்து காட்டியது. குழிக்குள் இரண்டு முட்டைகள் பத்திரமாக இருந்தன.

"அப்பாடா!" என்றன இரண்டும் ஒரே மூச்சில்.

கேட்பவர் மனம் மாறத்தான் செய்யும். பாதியிலேயே காட்டி, கேட்டுச் செய்கிற வேலைதான் வீணாகாமல் முடியும்.