மலையடிவாரத்து மெசேஜ்

சேலத்து வங்கியொன்றின் மண்டல மேலாளர் சிங்காரவேலு, கிரெடிட் கார்டு வேண்டுமா என்று பத்து லட்சம் பேருக்கு மெசேஜ் தட்டிவிட்டாரய்யா! ஒருத்தரும் சீந்தவில்லை. பழியோ, கிளவுட் எனும் இணையச் சேமிப்பில் வாடிக்கையாளர் தகவல்களை அலசும் தற்காலிக ஊழியர் பவளக்கொடி தலையில் விழுந்தது. மீட்டிங்கில் எல்லார் முன்னாலும் சீறினார் மேலாளர்:

“மீட்டிங் முடியறதுக்குள்ள ஒருத்தராவது ‘வேண்டும்’னு அழுத்தணும். இல்லேன்னா நாளைக்கு வர வேண்டாம்!”

பவளக்கொடி லேப்டாப்பைத் தட்டினாள். அவர் திட்டிக்கொண்டே இருக்க, அவருடைய செல்போன் சிணுங்கியது.

‘சனிக்கிழமைதோறும் ஏற்காடு அடிவாரத்தில் பெட்ரோல் போடுகிறீர்களே, தள்ளுபடி தரும் கார்டு வேண்டுமா?’

முகம் மலர, சட்டென்று அழுத்திவிட்டார்.

பதில்களைக் காட்டும் சுவர்த் திரையில் பளிச்சென்று விழுந்தது: ‘வேண்டும்: சிங்காரவேலு.’

அறையே சிரிப்பில் அதிர்ந்தது.

“நீங்க ஆளைப் பார்க்காம பத்து லட்சம் பேருக்கு அனுப்பினீங்க சார்,” என்றாள் பவளக்கொடி. “நான் ஆளைப் பார்த்து ஒருத்தருக்குத்தான் அனுப்பினேன்.”