பிசின் தாடி

ஏட்டி பிரின்சி, கால நீட்டிப் படு. நானே விடியுமுன்ன உப்பளத்துக்குப் போயிட்டு இப்பதான் வந்து விழுந்திருக்கேன், உள்ளங்கால் ரெண்டும் காந்துது. என்னது, கதையா? ஒங்கப்பன் கப்பல்லேருந்து போன் போட்டு, "இந்த நாட்ல இன்னைக்கு லீவு, எப்பவோ நடந்த சண்டைக்காக"ன்னு சொன்னாலும் சொன்னான், நான் வந்ததுலேருந்து ஏன் ஏன்னு என் உசுர வாங்குத. சரி, கேளு. அவன் சொன்னது பாதி, நானா சேக்கது பாதி. "ம்" கொட்டணும். கொட்டலேன்னா நான் தூங்கிருவேன், ஆமா.

ஒரு ஊர்ல ஒரு... ஊர் இல்லட்டி, நாடு. சின்னூண்டு நாடு. சுத்தி மூணு பெரிய நாடு. அந்தச் சின்ன நாட்டு ராசா இருக்கானே, கூறுகெட்ட பய, ஆழம் தெரியாம காலை விட்டுட்டான். மூணு பேருகிட்டயும் ஒரே நேரத்துல சண்டை.

"ம்."

அங்க ஒருத்தி இருந்தா. அந்த நாட்டுப் பேரெல்லாம் நம்ம வாயில நுழையாது, சந்தியம்மான்னு வெச்சுக்குவோம். அவளுக்குப் புருசன், மாமனாரு, பத்து வயசுல ஒத்த மவன் மிக்கேலு.

ஒருநா தெருவுல டம டம டம்முன்னு தமுக்கு. "ஆம்பளைங்க எல்லாம் சண்டைக்கு வாங்க!" புருசன் போனான். வரல. அப்புறம் மறுவருசம், டம டம டம். "கிழவங்களும் வாங்க!" மாமனாரு கம்ப ஊனிக்கிட்டே போனாரு. அவரும் வரல. அப்புறம் உழ ஆளு ஏது, வெதைக்க நெல்லு ஏது? சந்தியம்மா கெழங்க அவிச்சா. அப்புறம் கெழங்குத் தோல அவிச்சா. அப்புறம் வெறுந்தண்ணிய அடுப்புல வெச்சுட்டு உக்காந்திருந்தா. என்னமோ வேகுதுன்னு நெனச்சுக்கிட்டே அந்தப் பய தூங்கிருவான்னுதான்.

"பாவம் பெரியம்ம."

பாவந்தான். அப்போ மூணாவது தமுக்கு. டம டம டம். "தாடி மொளச்சவன் எவனா இருந்தாலும் வா! ரெண்டு வேளச் சோறு!" சின்னப் புள்ளையள இழுக்க மாட்டேன்னு ராசா கோயில்ல சத்தியம் பண்ணியிருந்தான்லா? அதான் இப்படிச் சுத்தி வளைக்கான். ஊர்ல தாடி வெச்சவன் எவன் இருக்கான்? எல்லாம் பொடிப் பயலுவ. அவனுக்கும் அது தெரியும், நாசமாப் போறவன்.

தாய்மாரு என்ன செய்வாவ? சோறுன்னு கேட்டாச்சு. சண்டை முடியப்போவுது, சும்மா தூரத்துல நின்னா போதும்னு தமுக்கடிக்கவன் வேற சொல்லுதான். ஆட்டு முடிய வெட்டி, நூல்ல கோத்து, புள்ளையளுக்குத் தாடி கட்டி அனுப்புனாவ. சந்தியம்மாவுக்கு நூல் மேல நம்பிக்கை இல்ல. வழியில அவுந்து விழுந்தா என் புள்ளைக்குச் சோறு போட மாட்டானுவளேன்னு, கருவேலம் பிசின எடுத்துட்டு வந்து, நல்லா அழுத்தி அழுத்தி ஒட்டுனா.

"ம்."

நாலாம் நாளு, டுமீல்! டுமீல்! ஊர் எல்லைலேருந்தே சத்தம். அப்பதான் சந்தியம்மாவுக்கு உறைச்சுது, தூரத்துல நின்னு பாக்கவனுக்குத் தாடிதான தெரியும், பாலு மணம் மாறாத மொகம் எங்க தெரியும்னு. விழுந்தடிச்சு ஓடுனா. "ஏலே, தாடியப் பிடுங்குங்கலே! புள்ளையள்னு தெரியட்டும்!" தமுக்குச் சத்தத்துல கேக்கல. மறுபடி கத்துனா, பீரங்கிச் சத்தத்துல கேக்கல. மூணாவது அடிவயித்துலேருந்து கத்துனா பாரு, அது கேட்டுட்டு. பயலுவ சட்டு சட்டுன்னு நூல அத்துப் போட்டானுவ. எதிராளி பதறிட்டான். "அய்யோ, பச்சப் புள்ளையள்லா! நிறுத்துங்கடா!" துப்பாக்கி ஒண்ணொண்ணா நின்னுட்டு.

மிக்கேலும் பிடுங்கித்தான் பாக்கான். தோலு உரியுது, தாடி வரல. "தாடி வரமாட்டேங்குதும்மா"ன்னு அவள நோக்கி ஓடியாரான். கடைசியா ஒரு டுமீல். அந்தக் கூட்டத்துல தாடியோட நின்னது அவன் ஒருத்தந்தான்.

"பெரியம்ம... அவன் செத்துட்டானா?"

ஆமா மக்கா. பொய் சொல்ல எனக்குத் தெம்பு இல்ல.

"நல்லா ஒட்டிட்டேனே, நல்லா ஒட்டிட்டேனே"ன்னு சொல்லிக்கிட்டே, அவன அங்கனயே பொதச்சா. அப்புறம் மிச்சப் பயலுவள அவதான் ஊருக்குக் கூட்டிட்டு வந்தா. வீடு வரைக்கும் போக எவனுக்கும் சத்தில்ல. அவ வீட்டு முத்தத்துலயே பொத்து பொத்துன்னு விழுந்து தூங்கிட்டானுவ. தாயிமாரெல்லாம் ஓடியாந்து சுத்தி உக்காந்தாவ. அவ முந்தானையால ஈ ஓட்டிக்கிட்டு நின்னா.

அப்போ தமுக்கடிக்கவன் வந்தான். ராசாவும் செத்துட்டான், சண்டை முடிஞ்சுதுன்னு சொல்ல, தமுக்குல அடிக்கக் கம்ப ஓங்குனான். சந்தியம்மா அந்தக் கம்ப லபக்குன்னு புடிச்சுக்கிட்டா.

"முடிஞ்சுதுன்னா மெதுவாச் சொல்லு. புள்ளையள் தூங்குது."

அவன் தமுக்கக் கீழ வெச்சுட்டு, வீடு வீடாப் போயி, ஒவ்வொரு காதுலயா சொன்னான்.

அதுலேருந்து வருசா வருசம் அந்த ஒரு நாளு அங்க லீவு, பள்ளிக்கூட மணி கெடையாது, ஆலைச் சங்கு கெடையாது. எந்தத் தாயும் புள்ளைய எழுப்ப மாட்டா. அதாவே முழிக்கட்டும்னு விட்டுருவா.

கதையும் அங்கனயே படுத்துட்டு. நீயும் படு, தாயி. நானும் எழுப்ப மாட்டேன்.