உக்கிராணத் தலைவர் சுமந்த கரிக்கோணி

முன்னொரு காலத்திலே மேல்மலை நாட்டை விசையவல்லபன் என்றொரு ராசா ஆண்டு வந்தான். வீரத்துக்குக் குறைவில்லை, கொடைக்குக் குறைவில்லை; பொறுமைதான் பொட்டளவும் கிடையாது. இன்று விதை போட்டால் நாளைக்கே காயைத் தேடுகிற ஆள்.

அவனுக்கு ஓர் ஆசை. அரண்மனைப் பின்தோட்டத்தில் அடுப்பு வெட்டி, ஆட்டிறைச்சியைக் கம்பியில் கோத்து, கரி நெருப்பில் வாட்டிச் சுடச்சுடத் தின்ன வேண்டும். ஆனால் ஒரு மாதமாக அடுப்பு புகைந்ததே தவிர எரியவில்லை. சமையற்காரன் ஊதி ஊதிக் கண் சிவந்தான். ராசா அடுப்பைச் சுற்றிச் சுற்றி நடந்து செருப்பைத் தேய்த்தான். இந்த அழகில் ஒரு கோணிக் கரிக்கு ஓர் ஆட்டின் விலை! கரி கொடுத்தவர் வேறு யாருமல்ல, அரண்மனைக் களஞ்சியத்தைப் பார்க்கும் உக்கிராணத் தலைவர் திருமேனிநாதர்தான்.

"மலிவாக நல்ல கரி தருபவர் உண்டா?" என்று ராசா பறையறைவித்தான். மறுநாள் விடிந்ததும் காட்டோரத்தில் கரி சுடும் ஒச்சம்மாள் ஒரு கோணியோடு சபைக்கு வந்தாள்.

"கருவேலங்கரி ராசா. உக்கிராணத்து ஐயா விலையில பாதி குடுத்தாப் போதும்."

ராசாவின் பக்கத்தில் நின்ற திருமேனிநாதருக்கு வயிறு எரிந்தது. "பாதி விலையா? மகாராஜா, மலிவான கரியில் விஷப்புகை வரும். உங்கள் உயிருக்கே உலை வைக்க வந்திருக்கிறாள்!"

அவ்வளவுதான். ராசா துள்ளி எழுந்தான். "இவள் மூட்டத்தை இடியுங்கள்!"

விறகை அடுக்கி, மேலே மண் பூசி, உள்ளே கரியாகக் கனிய விடுவதுதான் மூட்டம். ஒச்சம்மாள் பதறிப்போனாள்.

"ஆறு நாளாக் காத்துக் கெடக்கேன் ராசா. நாளைக்குத்தான் பிரிக்கணும். இன்னிக்கு ஓட்டை விழுந்தா காத்துப் புகுந்து அம்புட்டும் சாம்பலாயிரும். எம் பிள்ளைகளுக்கு இந்த வருசக் கஞ்சியே அதுதான்!"

அமைச்சர் அறவாழி குறுக்கிட்டார். "மன்னா, உச்சி முரசு வரை பொறுங்கள். இருவர் கரியையும் மூட்டிப் பார்ப்போம்."

"பொறுப்பதா?" ராசா பல்லைக் கடித்தான். "சரி. வீரர்கள் கடப்பாரையோடு மூட்டத்தருகே போய் நிற்கட்டும். நான் தடுக்காவிட்டால் முரசு கேட்டதும் இடிக்கட்டும்."

"இன்னொன்று" என்றார் அமைச்சர். "மன்னர் அடுப்புக்குக் கரி வருவது சாமானியமா? வெண்பட்டு உடுத்தி, கோணியைத் தலையில் சுமந்து, மேளதாளத்தோடு தேர்வீதியில் முன்னே வருபவருக்கு முதல் மரியாதை. ஒச்சம்மாள் முன்னே வரட்டும்."

"கரிக்காரிக்கு முதல் மரியாதையா?" திருமேனிநாதரின் மீசை துடித்தது. "என் கோணியை நானே சுமப்பேன். நான்தான் முன்னே வருவேன்!"

"தங்கள் விருப்பம்" என்றார் அமைச்சர், சிரிப்பை விழுங்கிக்கொண்டு.

பாதி வீதி தாண்டுமுன் திருமேனிநாதரின் நெற்றியில் ஒரு கறுப்புக் கோடு இறங்கியது. பிறகு மூக்கில், பிறகு மீசையில், பிறகு வெண்பட்டு முழுக்க. கோணியை இறக்கினால் மரியாதை போய்விடுமே! மனுஷன் இறக்கவேயில்லை. தோட்டத்துக்கு வந்தபோது கண்ணும் பல்லும்தான் வெள்ளை. பின்னால் வந்த ஒச்சம்மாளின் தலையில் கொஞ்சம் தூசிதான் இருந்தது.

"என்ன கூத்து இது?" என்றான் ராசா.

"எடை, மன்னா" என்றார் அமைச்சர். "கரியை நாம் நிறுத்துத்தானே வாங்குகிறோம்? நிறுக்குமுன் திருமேனிநாதர் கோணிக்கு இரண்டு குடம் தண்ணீர் ஊற்றுகிறார்; அதுதான் இப்போது ஒழுகுகிறது, அடுப்பிலும் புகைகிறது. தராசுத் தட்டு ஈரமாயிருந்ததை நான் பார்த்தேன்."

"அதை முன்பே சொன்னாலென்ன?"

"சொல்லியிருந்தால் யாரை நம்பியிருப்பீர்கள்?"

ராசாவுக்கு வெட்கமாகப் போயிற்று.

ஒச்சம்மாளின் கரி நாலு விசிறலில் கனன்றது. புகையில்லை, நாற்றமில்லை. கொழுப்பு உருகிச் சொய்ங்கென்றது. ராசா முதல் துண்டை வாயில் போட்டுக் கண்ணை மூடி மென்றான். அப்போது உச்சி முரசு அதிர்ந்தது.

"ஐயோ ராசா, எம் மூட்டம்!"

வாயில் இறைச்சியோடு ராசா குதிரையில் பாய்ந்தான். அவன் அவசரத்துக்கு அன்றைக்குத்தான் ஒரு வேலை வந்தது. போய்ச் சேர்ந்தபோது கடப்பாரை அடி இரண்டு விழுந்து, ஓட்டை வழியே தணல் சிவந்துகொண்டிருந்தது. வீரர்களைத் தள்ளிவிட்டு, கையால் மண்ணை வாரி அடைத்தான். காய்ந்த மண் பொலபொலவென்று உதிர்ந்தது.

அமைச்சரின் வண்டியில் ஒச்சம்மாளும் திருமேனிநாதரும் வந்து இறங்கினார்கள். "மண்ணைக் குழைக்கணும் ராசா, தண்ணி வேணும்!" என்று அவள் கத்தினாள்.

ராசா உக்கிராணத் தலைவரைப் பார்த்தான். "கரிக்குத் தண்ணீர் ஊற்ற உம்மைவிடக் கைதேர்ந்தவர் யார்? எடும் குடத்தை! இனி உக்கிராணம் வேண்டாம், இதுதான் உமக்கு வேலை."

கறை படிந்த பட்டோடு அவர் ஓடைக்கும் மூட்டத்துக்குமாக ஓடினார். ராசா முழங்கை வரை சேறாகிப் பூசினான்.

"அழுத்திப் பூசுங்க ராசா, விரல் பட்ட எடமெல்லாம் சந்து தெரியுது!" என்று ஒச்சம்மாள் அதட்டினாள்.

ஒருவழியாக ஓட்டை அடைபட்டது.

"பிழைத்ததா?"

"பெரும்பாலும் பிழைச்சிருச்சு."

"இனி அரண்மனைக் கரி முழுக்க உன்னுடையது, நீ சொல்லும் விலைக்கு. இப்போது பிரிக்கலாமா?"

"நாளைக்கு ராசா."

"நாளைக்கா!" ராசா எழுந்தான், உட்கார்ந்தான், மறுபடி எழுந்தான். ஒச்சம்மாள் ஒரு பார்வை பார்த்தாள். மறுபடி உட்கார்ந்தவன், மறுநாள் அவள் மூட்டம் பிரிக்கும்வரை அங்கேயே காவல் இருந்தான்.